விஜயலெட்சுமி கொடுத்த தண்ணீர்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இராமையாவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஒரு பெயர் உண்டு. தண்ணீர் விழுகிற பீலியடியில் குடம் வைக்கிற தகராறு தோட்டத் தலைவர் வரைக்கும் போனால், சண்டை போட்ட இரண்டு பெண்களுமே "ராமையாண்ணன் அங்கனதான் நின்னாரு, அவரையே கேளுங்க" என்பார்கள். அவரும் கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போய்விடுவார். அதற்காகவே இரண்டு வீட்டுக்காரர்களும் கொஞ்ச நாளைக்கு அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். உண்மை பேசுகிறவனுக்குத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு பொய்யைக் கட்டிக் காத்தார். அது அவருடைய மகள் தயானியைப் பற்றியது.

கல்யாணமானதிலிருந்து அவரும் மனைவி விஜயலெட்சுமியும் பெரகல சந்திக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. விஜயலெட்சுமி கொழுந்து எடுக்கப் போகிற மலையில் அவள் காதுபடவே 'மலடி' என்று பேசினார்கள். சடங்கு வீட்டில் ஆலாத்தித் தட்டைத் தொடப் போனவளை ஒரு கிழவி கையைப் பிடித்து அப்பால் நிறுத்தினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுத அழுகை இராமையாவுக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது.

அடுத்த காம்பராவில் ராசம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைச் சுளகில் கிடத்தி அயல்வீட்டுக்காரிக்கு விற்றுவிடுவார்கள். விலை ஒரு கைப்பிடி தவிடு. யமன் தேடி வந்தால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். முப்பதாம் நாள் சடங்கு கழிந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். நடுவில் பெற்றவள் போய்ப் போய்ப் பால் மட்டும் கொடுத்துவிட்டு வருவாள்.

ராசம்மாவின் பிள்ளையை விஜயலெட்சுமிதான் வாங்கினாள். ஆனால் யமன் ஏமாந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைக் கொண்டுபோனான். பிரசவக் காய்ச்சலில் ராசம்மா முப்பதுக்கு முன்பே செத்தாள். அவள் புருஷன் கொழும்பில் கடை வேலைக்கென்று போனவன் திரும்பவே இல்லை. தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. விஜயலெட்சுமியும் யாரையும் தேடவில்லை. பிள்ளை தவழத் தொடங்குமுன் இராமையா வேலையை ஸ்பிரிங்வெளிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே எல்லோருக்கும் தயானி விஜயலெட்சுமி பெற்ற பிள்ளை.

அடம் பிடிக்கிற பிள்ளைகளிடம் "ஒன்னயத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று பகிடி விடாத வீடு எந்த லயத்திலும் இல்லை. சொல்கிறவர்களும் சிரிப்பார்கள், பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சண்டைக்கு வரும். விஜயலெட்சுமி வாயில் மட்டும் அந்தப் பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை. வேறு யாராவது தயானியிடம் சொன்னால், "புள்ளகிட்ட என்ன பேச்சு பேசுற?" என்று சீறிக்கொண்டு போவாள். இவளுக்கென்ன கிறுக்கா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இராமையா கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்.

தயானி வளர்ந்தாள். அம்மாவைப் போலவே சோற்றை இரண்டு தரம் பிசைந்து மூன்றாம் தரம் வாயில் வைப்பாள். அம்மாவைப் போலவே பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள். "அப்புடியே ஆத்தாள உரிச்சு வச்சிருக்கு" என்று பார்த்தவர்கள் சொல்லும்போது விஜயலெட்சுமி கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இராமையா இன்னும் பத்துப் பொய்கூடச் சொல்லியிருப்பார்.

விஜயலெட்சுமிக்கு நோய் வந்தது படங்குக் கயிற்றில்தான் முதலில் தெரிந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் தடித்த படங்குத் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கயிறு எட்டாமல் போக, முடிச்சைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினாள். கை, கால் எல்லாம் வற்ற, வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போனது. கடைசியில் தயானிதான் அழுது சண்டை போட்டு அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டொக்டர் நபீலா பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் குடலையெல்லாம் போர்த்திக்கொண்டு மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, புற்றுநோய் அதில் பரவிவிட்டது, வீக்கம் அதில் ஊறிய தண்ணீர்தான் என்றார். எடுத்துப் போட ஒரு கட்டியாக அது இல்லை. மணலை வாரி இறைத்த மாதிரி எங்கும் கிடந்தது.

தண்ணீரை ஊசி போட்டு இறக்குகிற நாளில் நபீலா கட்டில் ஓரமாக உட்கார்ந்து வேறொரு விஷயம் பேசினார்.

"இந்த நோய் தொடக்கத்துல வலியும் தராது, கட்டியும் காட்டாது. வயிறு வீங்குனாப் பிறகுதான் எங்கட்ட வாறாங்க. அதுக்கு முந்தியே ரத்தத்துல, இந்தத் தண்ணியில ஏதாவது ஒரு அடையாளம் இருக்கணும். அதத்தான் நாங்க கொஞ்சப் பேர் சேந்து தேடிக்கிட்டு இருக்கோம். உங்கட ரத்தமும் தண்ணியும் கொஞ்சம் தருவீங்களா? உங்கட வைத்தியத்துக்கு இதால ஒன்னும் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. அத முதல்லயே சொல்லிர்றேன்."

"வெளிய ஊத்தப் போற தண்ணிதானுங்களே, எடுத்துக்கங்க," என்றாள் விஜயலெட்சுமி. "எனக்கு ஒதவாட்டியும் இன்னொருத்தி முன்னுக்கே வந்து பொழைச்சுக்கிறட்டும்."

நபீலா ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் பதிந்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"எங்கம்மா வயிறு வீங்கித்தான் செத்துச்சுங்க. அக்காவும் அப்புடித்தான். செய்வினைன்னு சொன்னாங்க."

நபீலாவின் விரல்கள் கொஞ்சம் நின்றன. பிறகு கேட்டார். "எத்தனை பிள்ளைகள்? சுகப் பிரசவமா?"

"ஒன்னுங்க. பொம்பளப் புள்ள. சுகப் பிரசவந்தான்."

பக்கத்தில் நின்ற இராமையா தலையைத் தூக்கி விட்டத்தில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நபீலா பதிந்துகொண்டார்.

வார்ட்டில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தபோது இராமையா கேட்டார். "ஏ புள்ள, டொக்டர்கிட்டப் போயி பொய் சொல்லலாமா?"

"சுகப் பிரசவமான்னு என்னையப் பாத்து யாருங்க கேட்டிருக்கா?" என்றாள் அவள். "அதுக்கு ஒரு பதில் சொல்லணும்னு எம்புட்டு நாள் ஆச தெரியுமா? சொல்லிட்டேன். போகட்டும்."

அதற்குப் பிறகு அவள் ஒரு மழைக்காலம் இருந்தாள். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. தயானி கஞ்சி காய்ச்சப் போன நேரம் பார்த்து விஜயலெட்சுமி இராமையாவின் கையைப் பிடித்தாள். "அவகிட்டச் சொல்லிறாதீங்க. நான் பெத்தவளாவே போயிர்றேன்." இராமையா தலையாட்டினார். அடுத்த நாள் காலையில் தோட்டத்தில் சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டது. தயானிதான் தலைவிரி கோலமாகக் கொள்ளிக் குடத்துக்குப் பின்னால் கடைசித் தேயிலை வரிசை வரைக்கும் ஓடினாள். பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்தப் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

அத்தோடு அந்தப் பொய்யும் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். இராமையாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். தயானிக்கு நல்ல இடமும் அமைந்தது. பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டும் நிஷாந்த். பையன் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, விஜயலெட்சுமியின் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவான். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அப்போதுதான் நபீலாவிடமிருந்து போன் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தரம் வர முடியுமா என்று கேட்டார்.

விஜயலெட்சுமியின் ரத்தத்தில் தேடியவர்களுக்கு ஓர் அடையாளம் கிடைத்திருந்தது. ஆனால் அது நோய் தந்த அடையாளம் அல்ல, பிறக்கும்போதே கூட வந்த பிழை. அவளுடைய தாய்க்கும் அக்காவுக்கும் அதுவேதான் இருந்திருக்கும் என்றார் நபீலா. செய்வினை என்று இத்தனை காலம் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். பெற்ற பிள்ளைக்கு அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்.

"பயப்பட வேணாம் தயானி. ரத்தத்தை எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும். இல்லாட்டி நிம்மதி. இருந்தாலும் முன்கூட்டியே காப்பாத்த வழி இருக்கு. இது பெரும்பாலும் சூலகத்துப் பக்கந்தான் தொடங்கும், பிள்ளை பெத்த பிறகு அத எடுத்துறலாம்."

தயானி காதில் 'பாதிக்குப் பாதி' மட்டும்தான் விழுந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஏறியதும் தூங்குகிறவள், ஸ்பிரிங்வெளி வரைக்கும் கண்ணை மூடவில்லை.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. தையல் கடை வேலைக்குப் போய் வருவாள், சமைப்பாள், ஒரு மூலையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். சாப்பாடு சேராமல் ஒரு நாள் வயிறு உப்பியதற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோதனைக்கு வாம்மா என்றால், "இருக்குன்னு சொல்லிட்டா?" என்பாள். நிஷாந்தைக் கூப்பிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். அவன் லொறியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று அழுதான்.

"பாதிதானே தயானி, எனக்கு அது போதும்," என்றான்.

"பொம்பளப் புள்ள பொறந்தா அதுக்கும் போகும் நிஷாந்த். எங்கம்மா பட்டத நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

இராமையா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை எழுந்து நடமாடும், கல்யாணம் கட்டும், நாலு பிள்ளை பெறும். சொன்னால், செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். விஜயலெட்சுமிக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். இப்படி ஒரு தராசை எந்தத் தகப்பன் கையிலும் கொடுக்கக் கூடாது. அவர் சரியாகச் சாப்பிடவில்லை, மலையில் கத்தி வழுக்கிக் காலில் வெட்டிக்கொண்டார். கடைசியில் தயானியே ஒரு நாள், "இப்புடிச் சாகுறதுக்கு ரத்தத்தக் குடுத்துட்டே சாகுறேன், வாற புதன்கிழமை போவோம்," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் இராமையாவுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். தயானி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இராமையா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தயானி, ஒனக்கு அந்த நோய் வராது."

"எப்புடிப்பா தெரியும்?"

"நீ அம்மா பெத்த புள்ள இல்லம்மா. ஒன்னயத் தவுட்டுக்கு வாங்குனோம்."

தயானி அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. "அய்யோ அப்பா! என்னையச் சிரிக்க வைக்கிறதுக்கு ஒங்களுக்கு இந்தப் பழைய பகிடிதான் கெடைச்சுச்சா? கேக்குறதுக்கு நான் என்ன நாலு வயசுப் புள்ளயா?"

ஊருக்கே சாட்சி சொன்ன மனிதர் வாழ்க்கையிலேயே சொல்ல முடியாத உண்மையைச் சொன்னார், அது பகிடியாகப் போய்விட்டது. "இல்லம்மா" என்று வாயைத் திறந்தார். பல மாதமாகக் கேட்காத சிரிப்பு. அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்.

மறுநாள் காலையில் தயானி உடுப்புத் துவைக்கப் பீலிக்குப் போனாள். போனவள் வாளியில் பாதி உடுப்பை நனைத்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

"அப்பா, அம்மா ஏன் அந்தப் பகிடிய ஒரு நாளும் சொன்னதில்ல?"

இராமையா எழுந்து நின்றார்.

"லயத்துல எல்லா அம்மாவும் சொல்லும். நம்ம அம்மா மட்டும் சொன்னதே இல்ல. வேற யாரும் சொன்னாக்கூடச் சண்டைக்குப் போகும். ஏன்ப்பா?"

அவர் சொன்னார். பெரகலத் தோட்டம், சுளகு, ஒரு கைப்பிடி தவிடு, பிரசவக் காய்ச்சல் எல்லாவற்றையும் கண்டது கண்டபடி சொன்னார். இப்போது அவள் நம்பினாள். பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டாள். ராசம்மா என்றார். அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், மறுபடி சொல்லவில்லை. "இனிப் பயமில்லைம்மா, நீ கல்யாணத்தக் கட்டிக்க" என்று இராமையா அவள் தலையைத் தடவினார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பீலிக்குப் போய் மிச்ச உடுப்பையும் துவைத்துக் கொண்டுவந்து காயப் போட்டாள்.

புதன்கிழமை காலையில் அவர் எழும்பும்போது தயானி வெளிக்கிட்டு நின்றாள். அம்மாவின் நீலச் சேலையை உடுத்தியிருந்தாள்.

"எங்கம்மா போற?"

"இன்னிக்குத்தானே கிளினிக்கு?"

வேண்டாம் என்று சொல்ல இராமையாவுக்குத் தைரியம் வரவில்லை. கூடவே போனார்.

நபீலாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தயானி கையை நீட்டினாள். நேர்ஸ் நரம்பைத் தடவும்போது, அதற்கு மேல் தாங்காமல் இராமையா எல்லாவற்றையும் டொக்டரிடம் கொட்டிவிட்டார். நபீலா நேர்ஸை நிறுத்தச் சொன்னார்.

"அப்படின்னா இந்த டெஸ்ட் உங்களுக்குத் தேவையே இல்ல தயானி. அவங்கட பிழை உங்களுக்கு வாறதுக்கு வழியே இல்ல. நல்ல சேதிதானே?"

தயானி கையை எடுக்கவில்லை. "எடுத்துப் பாருங்க டொக்டர். ஒருவேள இருக்கும்."

"இருக்காதும்மா."

"கொஞ்சமாச்சும் இருக்கும்ல? என்னையத் தூக்கி வளத்துச்சு, அதோட சோத்தத்தான் தின்னேன், அது பாயிலதான் படுத்தேன். எல்லாரும் அம்மாவ உரிச்சு வச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. இம்புட்டு நாளாப் பயந்து செத்தேன் டொக்டர். ஆனா பயந்தாலும் அது அம்மா குடுத்ததுன்னு நெனச்சேன். அந்த நோயாச்சும் எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

நேர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தயானி அப்போதுதான் அழுதாள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. மகள் பிழைத்த சேதியைக் கேட்கிற இடத்தில், மனைவியை இரண்டாம் தரம் குழிக்குள் இறக்கிய மாதிரி இராமையா நின்றார்.

அவள் அழுது ஓயும் வரைக்கும் நபீலா காத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "இத இன்னைக்குச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா சொல்லத்தான் வேணும். இந்த நோய்ல, பிள்ளை பெத்தவங்களுக்கும் பெறாதவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு. உங்கட அம்மாவுக்கு ஒரு பிரசவம்னு பதிஞ்சிருக்கோம். அது பிழைன்னு தெரிஞ்சாப் பிறகு அப்படியே விட ஏலாது. மத்தவங்கட கணக்கையும் அது கெடுத்துரும்."

"என்னான்னு மாத்துவீங்க?" என்று இராமையா கேட்டார்.

"பிள்ளை இல்லைன்னு."

இராமையா மேசைக்குக் கிட்ட வந்தார். "செத்தவள மறுபடியும் மலடின்னு எழுதப் போறீங்களா? உசுரோட இருந்தப்ப கேட்டது போதாதா? அவ ஆசையாச் சொன்ன ஒரே பொய்யுங்க அது!"

நபீலா கோபப்படவில்லை. "வேணும்னா அவங்க தந்த ரத்தத்தையும் தண்ணியையும் ஆராய்ச்சியிலருந்தே எடுத்துறலாம் ஐயா. அப்ப எதையும் மாத்தத் தேவையில்ல. அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"எடுத்துருங்க," என்றார் இராமையா.

தயானி நிமிர்ந்தாள். "எடுத்தா அம்மா குடுத்த தண்ணிய என்ன செய்வீங்க?"

"அழிச்சிருவோம்மா."

தயானி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தகப்பனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இன்னொருத்தி முன்னுக்கே வந்து பொழைச்சுக்கிறட்டும்னுதானே அம்மா குடுத்துச்சு, அப்பா. அத வீணாக்கக் கூடாது," என்றாள். இராமையா வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் நபீலாவின் பக்கம் திரும்பினாள்.

"மாத்திருங்க டொக்டர். எங்கம்மாவுக்குப் புள்ள இல்ல."